இலவசக் குடையும் இளம் வைத்தியரும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் குடை இலவசமாகக் கிடைத்தது. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஸ்தாபித்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓடத் தொடங்கியதும், அதுகாறும் அவ்வழியை ஏகபோகமாய் ஆண்டுவந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் முதலில் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். பின்னர் கட்டணமே வேண்டாம் என்றனர். அதற்கும் மேலாக, ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு குடையும் தந்தனர். 1908-இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டி ஒழிந்தபின் குடை கொடுப்பானேன்? அக்குடையின் விலையை முடிவில் யார் கொடுத்தார் என்பதை இவ்வூர் ஜனங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்பழங்கதையை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் இந்நகரில் சர்க்கார் வைத்தியக் கல்லூரியொன்று நடந்து வருகிறது. ஆண்டுதோறும் நாடெங்கிலுமுள்ள இத்தகைய கல்லூரிகளிலிருந்து இளைஞரும் யுவதிகளும் வைத்தியராய் வெளிவருகிறார்கள். வெளிவருமுன்பே அவர்கள் முன் குடை நீட்டப்படுகிறது. முதலில் ஒரு பேனா. அடுத்து ஒருவேளை விருந்து. பின்னர் மகாநாட்டுக்குப் போய்வர விமானச் செலவு. சொந்தமாய்த் தொழில் தொடங்கியபின், நோயாளியைப் பரிசோதனைக்கு அனுப்பியதற்காகக் கமிஷன். எந்தக் கல்லூரியையும் குறிப்பிட்டு நாம் குறை கூறவில்லை. நாட்டில் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கத்தையே கூறுகிறோம்.

சட்டம் இல்லாமலில்லை. நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் பெறுவதை 2002-ஆம் ஆண்டின் வைத்திய ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. மருந்துக் கம்பெனிகளிடம் பரிசும் பயணச் செலவும் பெறலாகாதென்று 2009-இல் மற்றொரு விதி சேர்க்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்னும் மருந்துக் கம்பெனியின் வருமான வரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பு கவனிக்கற்பாலது. வைத்தியர்களுக்குத் தந்த பரிசுகளைத் தொழிற்செலவாகக் கழிக்க இடமில்லை என்று கூறிய கோர்ட்டார், இப்பரிசுகள் உண்மையில் இலவசமல்ல, இவற்றின் செலவு மருந்தின் விலையிலேயே ஏறி நோயாளியின் தலையில் விழுகிறது என்பதையும் விளக்கினர். குடையின் விலை குடை பெற்றவனிடமிருந்து வரவில்லை; சீட்டைக் கையிலேந்தி மருந்துக் கடைக்குப் போகும் ஏழையிடமிருந்து வந்தது!

ஆயினும் 2023 ஆகஸ்டு மாதத்தில் தேசிய மருத்துவக் கமிஷன் வெளியிட்ட புதிய ஒழுக்க விதிகள், அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டன. 2024 மார்ச்சில் மருந்துக் கம்பெனிகளுக்கென்று ஒரு நெறிமுறை வந்தது. அதன்படி வரும் புகார்களை விசாரிப்பதோ கம்பெனிகளின் சங்கங்களே. வக்கீல் தொழிலிலும் கட்சிக்காரரைப் பிடித்துத் தரும் தரகருக்குப் பங்கு கொடுப்பது குற்றந்தான். அது அடியோடு ஒழிந்துவிட்டதென்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆகவே விதி மட்டும் போதாது என்பதை நாம் அநுபவத்தால் அறிவோம்.

வைத்தியத் தொழிலில் இத்தீங்கு ஏன் பெரிதாகிறது? முத்துக்குளிப்பை எண்ணிப் பாருங்கள். இக்கரையில் அது கடைசியாக நடந்தது 1961-இல். குளித்தெடுத்த சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆதலின் அது நேரான வியாபாரம். வைத்தியசாலையிலோ, சீட்டு எழுதுபவருக்கு எல்லாம் தெரியும். பணம் கொடுப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. உப்பளத்தில் அன்றாடக் கூலிக்கு உழைக்கும் பெண், இந்த ஸ்கேன் அவசியந்தானா என்று யாரைக் கேட்பாள்?

வைத்தியரும் பிழைக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். லட்சக் கணக்கில் செலவிட்டுக் கடனோடு வெளிவருவோர் பலர் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் கட்டணம் வேறு, கமிஷன் வேறு. கட்டணம் நோயாளி அறிந்து கொடுப்பது. கமிஷன் அவர் அறியாமல் அவரிடமிருந்து எடுக்கப்படுவது. இப்பேதத்தை உணர்ந்தவன் நேரிய வணிகன். உணராதவன் எத்தனை பட்டம் பெற்றிருப்பினும் தரகனே.

இதைக் கற்பிக்க வழி இருக்கிறது. 2019 முதல் நடைமுறையிலுள்ள புதிய பாடத்திட்டத்தில் ஒழுக்கமும் நோயாளியிடம் பேசும் முறையும் தனிப் பாடமாயின. அதன் இறுதிப் பகுதியில் வைத்தியருக்கும் மருந்துத் தொழிலுக்கும் உள்ள உறவைக் குறித்த விவாதங்களுக்கும் இடமுண்டு. நாம் வற்புறுத்துவது இதுவே: அப்பாடம் உபதேசமாக இராமல் கணக்குப் பாடமாக இருக்க வேண்டும். ஒரே மருந்தை எடுத்து, தயாரித்தவர், மொத்த வியாபாரி, கடைக்காரர், விளம்பரச் செலவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் விலையில் எவ்வளவு போகிறதென்று மாணாக்கர் தாமே கணக்கிடட்டும். 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், கம்பெனிப் பெயரைப் பாராமல் மருந்தின் பொதுப்பெயரால் டெண்டர் கோரி, மொத்தமாக வாங்கி, சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அளித்து வருகிறது. தாம் பயிலும் வார்டில் கொடுக்கப்படும் அம்மருந்தின் விலையையும், அதுவே கம்பெனிப் பெயரோடு வெளியில் விற்கும் விலையையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும். சொந்த வைத்தியசாலை நடத்தினால் வாடகை, சம்பளம், நியாயமான கட்டணம் என்ன என்பதையும் கற்கட்டும். விற்பனைப் பிரதிநிதி பரிசை நீட்டும்போது மரியாதையாக மறுப்பது எப்படியென்று, ஊசி போடப் பழகுவதுபோலவே பழகட்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் இப்பாடத்தை நடத்திவிட்டு, மாலையில் கம்பெனியார் செலவில் நடக்கும் விருந்துக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், காலைப் பாடத்தைத் தாமே அழித்துவிடுகிறார்.

முதற் பேனாவை வாங்கியபின் மறுக்கக் கற்பது அரிது. வாங்குமுன் கற்பது எளிது. அன்று இலவசக் குடையை மறுத்துச் சுதேசிக் கப்பலுக்குக் காசு கொடுத்து ஏறியவர்களும் இத்துறைமுகத்தில் இருந்தார்கள். அவர்களுடைய மனவுறுதியே இன்று வெள்ளங்கி அணியும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். குடை நீளும்போது, இதன் விலையை யார் கொடுக்கிறார் என்ற ஒரு கேள்வியை அவர்கள் கேட்கக் கற்றுவிட்டாற் போதும். உப்பளத்துப் பெண்ணின் கூலி அவள் முந்தானையிலேயே இருக்கும்.