உங்களுக்குத் தெரியுமா? வேடந்தாங்கலுக்கு வைஃபையில் இடமில்லை!

புது ரவுட்டர் வாங்கியாச்சா? வைஃபைக்கு ‘வேடந்தாங்கல்’ என்று ஆசையாகத் தமிழில் பெயர் வைக்கப்போகிறீர்களா? முடியவே முடியாது! வைஃபை பெயருக்கு உலகம் முழுக்க ஒரே உச்சவரம்பு, 32 பைட். வேடந்தாங்கலைத் தமிழில் எழுதினால் 36 பைட்!

‘செங்கல்பட்டு’? அதுவும் 36! ‘மதுராந்தகம்’? 33! ‘மாமல்லபுரம்’? அதே 33. ஒரே ஒரு பைட்டில் கோட்டை விடுகிறது! ‘கல்பாக்கம்’ 30 பைட்டில் தப்பித்துவிடுகிறது. ‘கோவளம்’ ஜம்மென்று உட்காரும். அதற்கு வெறும் 18!

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். நம்ம ‘க’வுக்கு 3. ‘கா’ என்றால் 6. மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி இருக்கிறதே, அந்தப் புள்ளிக்கே தனியாக 3 பைட்!

பெயரில் ஜெயித்த கோவளம் பாஸ்வேர்டில் தோற்கிறது! ஆங்கிலத்தில் அடித்தால் 7 எழுத்து. வைஃபை பாஸ்வேர்டுக்குக் குறைந்தது 8 வேண்டும். சென்னை? 7. மதுரை? அதுவும் 7. மூன்று ஊரும் அவுட்!

வேடந்தாங்கல் ஆங்கிலத்தில் 12 எழுத்து. தாராளமாகப் போதும். ஆனால் ஊர்ப் பெயரைப் பக்கத்து வீட்டுப் பொடியனே கண்டுபிடித்துவிடுவான், உஷார்! பெரிதாக வைக்க ஆசையா? 63 எழுத்து வரை அனுமதி!

ஆங்கிலச் சின்ன எழுத்துகளை மட்டும் வைத்து 8 எழுத்தில் எத்தனை பாஸ்வேர்டு அமைக்கலாம்? சுமார் 20,883 கோடி! அதையே 12 எழுத்தாக்கினால்? 4,56,976 மடங்கு கூடும். கூட்டியது என்னவோ நாலே எழுத்துதான்!

செல்போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறீர்களா? நம் நாட்டு செல் நம்பர்கள் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும். ஆக மொத்தமே 400 கோடிதான் சாத்தியம்! இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் 2021-ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் 5,000 வைஃபைகளைச் சோதித்தார். அங்கேயும் பலர் செல் நம்பரைத்தான் வைத்திருந்தார்கள். உடைந்தவை 3,500-க்கும் மேல்!

பாஸ்வேர்டு சரி. பத்து தடவை பார்த்துப் பார்த்து அடித்தாச்சு. ஆனாலும் ‘தவறு’ என்கிறதா? கடைசியில் தெரியாமல் தட்டிய ஒரு இடைவெளியும் ஒரு எழுத்துதான்! முதல் எழுத்தை செல்போன் தானாகவே பெரிய எழுத்தாக்கியிருந்தாலும் கதை முடிந்தது!

சிக்னல் மெலிந்திருந்தாலும் சில செல்போன்கள் ‘பாஸ்வேர்டு தவறு’ என்றே சொல்லும்! ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று ஒரு தடவை முயன்று பாருங்கள். ரவுட்டருக்கும் உங்களுக்கும் நடுவே மீன் தொட்டி இருக்கிறதா? தண்ணீர் வைஃபை அலையை விழுங்கிவிடும்!

பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் செல்போன் பழையதையே பிடித்துத் தொங்கும்! அமைப்புகளில் ‘ஃபர்கெட் நெட்வொர்க்’ தட்டிவிட்டு, புதிதாக அடியுங்கள்.

புது ரவுட்டருக்கும் பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு, பழைய பாதுகாப்பு வகை மூன்றையும் அச்சு பிசகாமல் கொடுத்துப் பாருங்கள். டிவி, லேப்டாப், கேமரா எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்றில்கூடப் பாஸ்வேர்டு அடிக்க வேண்டாம்!

ஸ்மார்ட் பல்பு மட்டும் இணையமாட்டேன் என்கிறதா? பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணிலேயே படாது. அவற்றுக்குத் தெரிந்தது 2.4 மட்டும்!

பழைய பிரின்டர் தகராறு செய்கிறதா? ரவுட்டரில் ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்று இருக்கிறதா பாருங்கள். அந்தப் பாதுகாப்பு அறிமுகமானதே 2018-ல்தான். அதற்கு முன்னால் பிறந்த பிரின்டர் பாவம், என்ன செய்யும்!

ரவுட்டருக்கு பாஸ்வேர்டு ஒன்று என்றா நினைத்தீர்கள்? இரண்டு! ஒன்று வைஃபைக்கு. இன்னொன்று ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கு. அதை இதில் அடித்தால் ஆயுசுக்கும் திறக்காது! இரண்டுமே பெரும்பாலும் ரவுட்டரின் அடிவயிற்று ஸ்டிக்கரில் இருக்கும்.

அந்த இரண்டாவது பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால்? 2016-ல் ‘மிராய்’ என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அதன் கையில் இருந்த சாவிகள் வெறும் 60 சொச்சம். எல்லாமே கம்பெனி வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டுகள்!

பல ரவுட்டர்களில், பாஸ்வேர்டுக்குப் பதிலாக அடிக்க ‘டபிள்யூபிஎஸ்’ என்று 8 இலக்க எண் ஒன்று உண்டு. உடைக்க 10 கோடி முயற்சி தேவை என்றுதானே தோன்றும்? ரவுட்டர் அதை இரண்டு துண்டாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சி போதும்! 2011-ல் குட்டு வெளிப்பட்டது.

பழைய ரவுட்டரில் ‘டபிள்யூஇபி’ பாதுகாப்பு இருந்தால் தொடவே தொடாதீர்கள்! 2007-லேயே ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். எடுத்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு!

உங்கள் வைஃபை பாஸ்வேர்டு காற்றில் பறப்பதே இல்லை! ‘டபிள்யூபிஏ2’ பாதுகாப்பில் செல்போனும் ரவுட்டரும் நாலே நாலு செய்தி மாற்றிக்கொள்ளும். பாஸ்வேர்டை வெளியே சொல்லாமலே ‘உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்’ என்று இருவரும் உறுதி செய்துகொள்வார்கள்!

இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும், வைஃபை பெயர் வேறாக இருந்தால் சாவி வேறு வேறு! வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து டபிள்யூபிஏ2 அரைத்தெடுக்கும். எத்தனை சுற்று? 4,096!

ஒரு வைஃபை பெயரே ஐஃபோனைப் படுக்க வைத்தது! 2021-ல், சதவீதக் குறிகள் நிறைந்த ஒரு விநோதப் பெயரில் இணைந்த ஐஃபோன்களில் வைஃபையே வேலை செய்யவில்லை. பாஸ்வேர்டு சரி, ரவுட்டர் சரி. பெயர்தான் வில்லன்!

நம்ம தேனியிலும் ஒரு வைஃபை சாதனை உண்டு! 2000-களிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கிராமத்துக் கண் மையங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்த நோயாளியிடம் தேனி டாக்டர் திரையில் பேசினார்!

வெனிசுலாவில் 2007-ல் வைஃபை கருவிகளையும் பெரிய ஆன்டெனாக்களையும் வைத்து ஒரே தாவலில் இணைத்த தூரம் 382 கி.மீ.! செங்கல்பட்டில் ரவுட்டர் வைத்தால் திருச்சியைத் தாண்டும்! உங்கள் வீட்டில் மாடிக்கே வரவில்லையா?

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு பிறந்தது அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில், 1960-களின் தொடக்கத்தில். கம்ப்யூட்டரில் கூடுதல் நேரம் வேண்டும் என்று ஒரு மாணவர் எல்லோருடைய பாஸ்வேர்டையும் தாளில் அச்சடித்து எடுத்துவிட்டார். அந்தத் திருட்டு நடந்த வருஷம் என்ன தெரியுமா? 1962!