கரஸ் படிப்பு: தேர்ந்தெடுக்கிறோமா, தள்ளப்படுகிறோமா?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் நம் குடியிருப்புகளில் ஓர் ஆலோசனை உலவத் தொடங்குகிறது: “காலேஜ் எதுக்கு, கரஸ்ல போட்டுடு.” சொல்பவர் உறவினராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பணம் வசூலிக்கும் முகவராகவும் இருக்கலாம். அந்த ஒற்றை வரியில் ஒரு மாணவியின் அடுத்த பத்தாண்டுகள் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. தொலைநிலைக் கல்வியும் இணையவழிக் கல்வியும் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைச் சட்டத்தின் துணையோடும் நம் சமூகத்தின் நிலையோடும் வைத்து இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தொலைநிலைக் கல்வியை நாம் இகழவில்லை. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஐதராபாத்தில் தோன்றியது. இன்று அது அண்ணல் அம்பேத்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உருவாயின. திருமணத்தால் படிப்பு நின்ற பெண்களும், பகலில் உழைத்து இரவில் படித்த தொழிலாளர்களும் இந்த வாசல் வழியாகவே பட்டதாரிகள் ஆயினர். உழைப்பவரின் நேரத்திற்கேற்பக் கல்வி வளைந்துகொடுக்க வேண்டும் என்பதை அம்பேத்கரும் உணர்ந்திருந்தார். 1946இல் பம்பாயில் அவர் நிறுவிய சித்தார்த்தா கல்லூரி, வேலைக்குச் செல்லும் மாணவர்களைக் கருதிக் காலை வேளையில் வகுப்புகளை நடத்தியது. ஆனால், உழைக்கும் மாணவருக்கும் அவர் கட்டித் தந்தது ஒரு கல்லூரியைத்தான் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். வகுப்பறையும் நூலகமும் சக மாணவர்களும் அவர்களுக்கும் உரியவை என்றே அவர் கருதினார்.

முதற்கேள்வி: இம்முடிவை எடுத்தது யார்?

‘எனக்குத் தொலைநிலைக் கல்வி பொருந்துமா’ என்று கேட்பதற்கு முன், ‘நேரடிக் கல்லூரி எனக்கு ஏன் இல்லை என்று ஆயிற்று’ என்று கேட்டாக வேண்டும். காரணம் சட்டத்தால் நீக்கக்கூடியது எனில், முதலில் அதை நீக்குவோம்.

கட்டணமே காரணம் எனில்: அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரிகளின் இளநிலைப் படிப்புகளில் பயிற்றுக் கட்டணம் இல்லை. தனியார் சுயநிதிக் கல்லூரியில் சேரும் பட்டியலின, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று 2012 செப்டம்பரில் வெளிவந்த அரசாணை 92 கூறுகிறது. போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோருக்கு இச்சலுகைகள் கிடைப்பதில் சிக்கல் உண்டு. ஆகவே கலந்தாய்வு வழியாகவோ அரசு ஒதுக்கீட்டிலோ சேர்வதே பாதுகாப்பானது.

வேலைக்குச் செல்ல வேண்டியிருப்பது காரணம் எனில்: அரசுக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு சுழற்சிகளாக வகுப்புகள் நடைபெறுகின்றன. அரை நாள் வேலை, அரை நாள் கல்லூரி என்ற வழி இருக்கிறதா என்று பார்த்தபின் முடிவெடுக்கலாம்.

சேர்ந்த கல்லூரியில் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டணம் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள் எனில்: மூலச் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் தம் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. எழுத்துவழிக் கோரிக்கை, மானியக் குழுவிடம் புகார், தேவையெனில் உயர் நீதிமன்றம் என்று செல்லும் பாதை நமக்குத் திறந்தே இருக்கிறது.

சாதிய இழிவே காரணம் எனில்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருப்பது இதற்காகத்தான். இழிவுபடுத்தியவர் கல்லூரியில் இருக்க, இழிவுக்கு ஆளானவர் வீட்டிலிருந்து படிப்பது தீர்வாகாது. உடனடிப் பாதுகாப்பு கருதி ஒருவர் விலகுவது அவருடைய உரிமை. அந்த விலகலை நிர்வாகம் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ள நாம் இடந்தரக் கூடாது.

எதை இழக்கிறோம் என்ற கணக்கு

தொலைநிலைக் கல்வி மலிவானது என்பது பொதுவான நம்பிக்கை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இது 36,000 ரூபாய். தொலைநிலையில் படிப்போருக்கு இத்திட்டம் பொருந்தாது. ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதியில் உணவும் உறைவிடமும் இலவசம். வீட்டிலிருந்து படிப்பவருக்கு அந்த வாய்ப்பே எழுவதில்லை. இவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், ‘மலிவான’ படிப்பு பல குடும்பங்களுக்கு அதிகச் செலவுடையதாகவே முடியும்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டம் அஞ்சல்வழிப் படிப்பையும் உள்ளடக்கியே வகுக்கப்பட்டிருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் குறிப்பிட்ட சில படிப்புகளில் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டண விலக்கு அளித்து வந்திருக்கிறது. சேரும் பருவத்திற்குரிய கையேட்டில் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், பலர் அறியாத ஒரு விதி உண்டு. கல்வியின் ஒரு நிலையை முடித்தவர் அதே நிலையில் வேறு பாடம் படித்தால் அவருக்கு உதவித்தொகை கிடையாது. இன்று அவசரமாகத் தொலைநிலையில் பி.ஏ. முடித்துவிட்டு, பின்னர் கல்லூரிக்குச் சென்று பி.எஸ்சி. படிக்க விரும்பினால், அந்த இரண்டாவது பட்டத்தின் செலவு முழுவதும் நம்முடையதே. இளநிலைக்கான உதவித்தொகை ஒரு முறைக்கே உரியது. அதை எதற்குச் செலவிடுகிறோம் என்று யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

பணத்தில் அளக்க முடியாத இழப்பும் உண்டு. நம் குடும்பங்களின் முதல் பட்டதாரிகள் பலருக்கு, போட்டித் தேர்வைப் பற்றியும் மேற்படிப்பைப் பற்றியும் உரிமைகளைப் பற்றியும் முதலில் சொன்னவர்கள் விடுதி நண்பர்களும் மாணவர் அமைப்புகளும்தாம். பாடப் புத்தகம் அஞ்சலில் வரும். இந்தத் தொடர்புகள் அஞ்சலில் வருவதில்லை.

எந்த வேலைக்கு, எந்தப் பட்டம்?

2022 செப்டம்பரில் மானியக் குழு வெளியிட்ட அறிவிப்பின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை. இது நமக்குச் சாதகமான நிலைப்பாடு. எனினும், எல்லாப் படிப்புகளும் இதில் அடங்கா. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம் ஆகியவற்றின் பட்டங்களைத் தொலைநிலையில் பெற இயலாது. தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது.

சட்டக் கல்லூரியை விரும்புவோர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முறையாக முடித்து, தொலைநிலையில் இளநிலைப் பட்டம் பெற்றவர் மூன்றாண்டு எல்எல்.பி. படிப்பில் சேரலாம் என்பதே இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளின் நிலை. அடிப்படைக் கல்வி இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவருக்கு அந்த வாய்ப்பில்லை. அரசுப் பணியிலும் இதே தடை உண்டு. 2009 ஆகஸ்டில் வெளிவந்த தமிழ்நாடு அரசின் அரசாணை 107, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்தபின் பெற்ற திறந்தநிலைப் பட்டங்களையே பணி நியமனத்திற்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கிறது. பள்ளிப் படிப்பு இடையில் நின்றவர்கள் முதலில் தனித்தேர்வராக அவற்றை முடித்துவிட்டுப் பட்டத்திற்குச் செல்வதே சரியான வரிசை.

தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமை 2010இல் சட்டமாக்கப்பட்டது. 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது பெரும் பலம். பயிற்றுமொழியை உறுதிசெய்யாமல் ஏதோ ஒரு படிப்பில் சேர்ந்துவிட்டால் அந்தப் பலம் கைநழுவும். சேர்க்கைக்கு முன்பே பயிற்றுமொழியைப் பற்றிப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது எப்படி?

அங்கீகாரமற்ற பட்டத்தின் சுமை முழுவதும் மாணவர் தலையில்தான் விழுகிறது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டங்களை வழங்கிய வழக்கில், 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தனித் தேர்வு எழுதித் தேறினால் மட்டுமே அவை செல்லும் என்றானது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லாதவை ஆயின. அப்பட்டத்தைக் காட்டிப் பெற்ற பணிப் பயன்களும் கேள்விக்குள்ளாயின.

பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகம் என்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்புகளை நடத்த 2014–15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் பெற்றிருந்தது என்றும், அதன் பின்னர் அங்கீகாரமின்றி நடத்தியவை செல்லாது என்றும் 2022 மார்ச்சில் மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. அங்கீகாரம் நிறுவனத்தின் பெயருக்கு நிலையாக வழங்கப்படுவதில்லை. குறிப்பிட்ட படிப்புக்கும் குறிப்பிட்ட ஆண்டுக்கும் வழங்கப்படுகிறது. ஆகவே, மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், நாம் சேரும் கல்விப் பருவத்தில், நாம் சேரும் படிப்பு இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 2024 முதல் சேர்க்கைக்கு மாணவரே அத்தளத்தில் பதிந்து ஓர் அடையாள எண் பெற வேண்டியிருக்கிறது. அந்த எண்ணைக் கேட்காமல் சேர்க்கிறேன் என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

தனியாருக்குக் கிளை உரிமம் கொடுத்துத் தொலைநிலைக் கல்வியை நடத்த விதிகள் இடந்தரவில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநில எல்லையைத் தாண்டிப் படிப்பு மையம் நடத்தவும் அனுமதியில்லை. தெருமுனை மையத்தில், தொலைதூர மாநிலம் ஒன்றின் பெயரில், ‘ஒரே சிட்டிங்கில் டிகிரி’ என்று யாரேனும் சொன்னால் அது ஏமாற்று வேலை. பணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டுமே செலுத்தி ரசீது பெற வேண்டும்.

வீட்டில் படிக்க இடம் இருக்கிறதா?

தொலைநிலைக் கல்வியில் அச்சிட்ட பாடங்களும் வார இறுதித் தொடர்பு வகுப்புகளும் இருக்கும். இணையவழிப் பட்டப்படிப்பில் பெரும்பாலும் எல்லாமே திரையில்தான். 2017–18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. அதன்பின் கைபேசிகள் பெருகியுள்ளன. ஆயினும், நால்வருக்குப் பொதுவான ஒரு கைபேசியில் மூன்றாண்டுப் பட்டம் படிப்பது எளிதன்று. இணையம் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம், விடுதி மாணவி ஒருவரின் வழக்கில் கூறியது. அந்த உரிமை நம் வீடுகளுக்கு வந்துசேரும்வரை, அச்சுப் பாடம் உள்ள படிப்பே பலருக்கு ஏற்றது.

பெண்களுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. ‘வீட்டிலிருந்தே படி’ என்பதன் பொருள், சமையலும் தம்பி தங்கையரைப் பார்ப்பதும் முடிந்தபின் படி என்பதாகவே பெரும்பாலும் அமைகிறது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமேனும் யாரும் குறுக்கிடாத நேரம் கிடைக்குமா, தேர்வு மையத்திற்குச் செல்லப் பணமும் துணையும் கிடைக்குமா என்பதைக் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தொலைநிலைப் படிப்பில் மதிப்பெண்ணின் பெரும்பகுதி, அதாவது 70 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வில்தான் இருக்கிறது. தேர்வுக்குச் செல்ல முடியாமல் போனால் ஆண்டு முழுவதும் படித்தது வீணாகும்.

யாருக்குப் பொருந்தும்?

பணியில் இருந்துகொண்டு பதவி உயர்வுக்காகப் பட்டம் தேடுவோருக்கு இக்கல்வி பொருந்தும். குழந்தைகளை வளர்த்தபடி நின்ற படிப்பைத் தொடர விரும்பும் பெண்களுக்கும், பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் போட்டித் தேர்வுகளுக்கு முழுநேரம் தயாராவோருக்கும் பொருந்தும். கல்லூரியில் படித்துக்கொண்டே இரண்டாவது பட்டம் பெற விரும்புவோருக்கும் இது நல்ல வழி. 2022 முதல் ஒரே நேரத்தில் நேரடிப் பட்டம் ஒன்றும் தொலைநிலைப் பட்டம் ஒன்றும் படிக்க மானியக் குழு அனுமதித்திருக்கிறது. பிளஸ் டூவை இப்போதுதான் முடித்த, குடும்பத்தின் முதல் தலைமுறை மாணவருக்கு இது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

களத்தில் நிற்கும் தோழர்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. தேர்வு முடிவு வெளியான வாரத்திலேயே ஒவ்வொரு குடியிருப்பிலும் பிளஸ் டூ முடித்தோரின் பட்டியலை எடுப்போம். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கையில் உள்ளனவா, அரசுக் கல்லூரிக்கும் விடுதிக்கும் விண்ணப்பித்தார்களா என்று வீடு வீடாகக் கேட்போம். அதன் பிறகும் ஒருவர் தொலைநிலைக் கல்வியைத் தேர்ந்தால், அங்கீகாரத்தைச் சரிபார்க்கவும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் அவருடன் உட்காருவோம். முகவர் கதவைத் தட்டுவதற்கு முன் நாம் தட்டியிருக்க வேண்டும்.