சந்தைக்குச் செல்வோர் முகக்கவசம் அணியும் முறை

தொற்றுநோய்க் காலத்தில், வயலில் தனியே வேலை செய்யும் உழவருக்கு ஆபத்து குறைவு. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும்போதுதான் கவலை தொடங்குகிறது. 2020-ம் ஆண்டு கொரோனா பரவியபோது, சென்னை கோயம்பேடு மார்க்கெட்டுக்குச் சென்று திரும்பியவர்கள் வழியாக கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டக் கிராமங்களுக்கும் நோய் எட்டியது. மே மாதம் 5-ந் தேதி மார்க்கெட்டே மூடப்பட்டது. காய்கறி பயிரிட்டவர்கள் விற்க வழியின்றித் தவித்தனர்.

கொரோனா நெருக்கடிநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் அறிவித்துவிட்டது. எனினும் சுவாசத்தின் வழியே பரவும் நோய் மீண்டும் வந்தால், முகக்கவசம் மீண்டும் தேவைப்படும்.

இவ்வகை நோய்க்கிருமிகள், நோயுற்றவரின் மூச்சு, பேச்சு, இருமல் ஆகியவற்றுடன் வெளிப்படும் நுண்துளிகளில் கலந்து பரவுகின்றன. கொரோனாவில், காய்ச்சல் தோன்றும் முன்பே ஒருவர் பிறருக்கு நோயைத் தரக்கூடும். உரக்கப் பேசினால் துளிகள் அதிகம் வரும். ஆகவே ஏலம் கூறும் இடத்திலும் தராசடியிலும்தான் கவசம் மிகவும் அவசியம். பலரோ வழியெல்லாம் அணிந்து வந்து, விலை பேசும்போது அதைத் தாடைக்கு இறக்கிவிட்டனர். இது மழை பிடித்ததும் குடையை மடக்குவது போன்றது!

தோளில் கிடக்கும் துண்டைச் சுற்றிக் கொள்வது போதாது. அதன் ஓரங்களில் காற்று எளிதில் புகும். நெருங்கப் பின்னிய துணியில் மூன்றடுக்காகத் தைத்த கவசம் நன்று. மூக்கு, வாய், தாடை மூன்றையும் மூடி, கன்னத்தில் இடைவெளியின்றிப் படிய வேண்டும். மூச்சை வெளிவிடும் வால்வு உள்ள கவசம் பிறரைக் காக்காது.

மருந்து தெளிக்கும்போது முகத்தில் கட்டிய துணியைச் சந்தைக்கு அணிந்து செல்லவே கூடாது. அதில் படிந்துள்ள பூச்சிமருந்து தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். அதுபோலவே, சந்தைக்கு அணியும் துணிக்கவசம் மருந்து தெளிப்பவரைக் காக்காது. என்-95 கவசம்கூட தூசியையும் துளியையும் தடுக்குமே தவிர, மருந்தின் ஆவியைத் தடுக்காது. மருந்து டப்பாவின் சீட்டில் குறிப்பிட்ட பாதுகாப்புச் சாதனங்களையே அணிதல் வேண்டும்.

மூட்டை சுமப்போருக்கு வியர்வையால் கவசம் விரைவில் நனைந்துவிடும். நனைந்த துணியில் மூச்சு விடுவது கடினம். தடுக்கும் திறனும் குறையும். ஆகவே இரண்டு, மூன்று கவசங்களை எடுத்துச் செல்லலாம். மூச்சு வாங்கினால் கூட்டத்தை விட்டு விலகி, திறந்த வெளியில் கழற்றி இளைப்பாறலாம். கழற்றும்போது முன்புறத்தைத் தொடாமல் காது நாடாவைப் பிடித்துக் கழற்றி, பின் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். துணிக்கவசத்தை நாள்தோறும் சோப்பு நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஒருவர் அணிந்ததை மற்றவர், கணவன் மனைவியாயினும், அணியலாகாது.

ஒருமுறை அணிந்து எறியும் கவசங்களை எருக்குழியில் போடக்கூடாது. அவை மக்குவதில்லை, ஆடு மாடுகள் மென்று விழுங்கிவிடவும் கூடும். நாடாவைக் கத்தரித்து, காகிதப் பையில் மூன்று நாள் மூடி வைத்து, பிறகு துப்புரவுப் பணியாளரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.