ஹேவ்லாக் தீவும் புயல் எச்சரிக்கையும்

பனிமலைகளில் பனிச்சரிவு பாதையை அடைத்துவிடுவதுபோல், தீவுகளில் கொந்தளிக்கும் கடல் போக்குவரத்தைத் துண்டித்துவிடுகிறது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அந்தமானின் ஹேவ்லாக் தீவாகும். 2018-ஆம் ஆண்டில் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்ற இத்தீவு, போர்ட் பிளேயருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் குடியமர்த்தப்பட்ட இத்தீவில், இன்று சுற்றுலா முக்கியத் தொழிலாக விளங்குகிறது. பயணிகளில் பெரும்பாலோர் கப்பல் மூலமே வந்து செல்கின்றனர்.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் பலத்த காற்றும் மழையும் கப்பல் போக்குவரத்தை நிறுத்தின. ஹேவ்லாக், நீல் ஆகிய தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டனர். கடற்படைக் கப்பல்கள் அனுப்பப்பட்டபோதிலும், கொந்தளிப்புத் தணியும்வரை காத்திருக்க நேர்ந்தது. பின்னர் கடற்படை, கடலோரக் காவற்படை, விமானப்படை ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் அனைவரும் மீட்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியில் ஊன்றிக் கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. கப்பல்கள் நின்றபோது அப்புயலுக்குப் பெயர்கூடச் சூட்டப்படவில்லை. டிசம்பர் 8-இல்தான் அது 'வர்தா' எனப் பெயர் பெற்றது. டிசம்பர் 12-இல் சென்னையருகே கரையைக் கடந்தது. சென்னைக்குச் சில நாட்கள் அவகாசம் கிடைத்தது. ஹேவ்லாக்கிற்கோ அத்தகைய அவகாசம் இல்லை.

இதன் காரணம் புவியியல் அமைப்பே. வெப்பம் மிகுந்த கடற்பரப்பில் உருவாகும் தாழ்வழுத்தம், நீராவியிலிருந்து ஆற்றலைப் பெற்று, படிப்படியாகப் புயலாக வலுப்பெறுகிறது. வங்கக் கடற்புயல்கள் பலவற்றின் தொடக்கம் அந்தமானை ஒட்டிய கடற்பகுதியிலேயே நிகழ்கிறது. எனவே தொலைவிலுள்ள கரைகளுக்குப் புயலாகத் தெரிவது, இத்தீவுகளுக்குத் தாழ்வழுத்தமாக இருக்கும்போதே இடராகிவிடுகிறது. பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலமும் இவ்வகையில் கவனத்திற்குரியவை.

ஆகவே, புயல் எச்சரிக்கை வரட்டும் எனக் காத்திராமல், தாழ்வழுத்த அறிவிப்பு வெளியானவுடனேயே ஆயத்தப் பணிகளைத் தொடங்குதல் நலம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்புகளும், ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை முன்னறிவிப்புகளும் படகுத்துறையிலும் விடுதிகளிலும் உடனுக்குடன் தெரிவிக்கப்பட வேண்டும். உணவு, குடிநீர், மருந்து ஆகியவற்றின் இருப்பு உள்ளூர் மக்களுக்கு மட்டுமின்றிப் பயணிகளுக்கும் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும். பயணிகளும், தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே விமானப் பயணத்தையும் அமைத்துக்கொள்ளாமல், இடையில் ஓரிரு நாட்களை ஒதுக்கி வைத்தல் வேண்டும். தீவுச் சுற்றுலாவின் வளர்ச்சி, வந்தோரின் எண்ணிக்கையால் மட்டுமன்றி, அவர்கள் பாதுகாப்புடன் திரும்பியதாலும் அளக்கப்பட வேண்டும்.