இமயத்துப் பறவைகளைப் பார்க்க ஆசையா? முதலில் உயரத்தை முடிவு பண்ணுங்க!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்களுக்குப் பறவை பார்ப்பது ஒன்றும் புதுசு இல்லை. திண்டிவனத்திலிருந்து வடக்கே போனால் வேடந்தாங்கல். கிழக்கே மரக்காணம் பக்கம் போனால் கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய சதுப்புநிலம் அது. மழை முடிந்து தண்ணீர் நின்றால் போதும், கூட்டம் கூட்டமாக வெளிநாட்டு வாத்துகள் வந்து இறங்கிவிடும்.

"இதுங்கள்லாம் எங்கேர்ந்தும்மா வருது?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளையும் கேட்டிருக்கும். பல வாத்துகள் இமயமலைக்கு அப்பாலிருந்து வருகின்றன. "அப்ப அந்த மலையையே ஒரு தடவை பார்த்துட்டு வரலாமே!" என்ற ஆசை வந்துவிட்டதா? பேஷான ஆசை!

டூர் பஸ்ஸில் போனால் பறவை பார்க்க முடியாது. எல்லாரும் டிபன் சாப்பிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்புவதற்குள் பறவைகள் காலைச் சாப்பாட்டையே முடித்துவிடும். நாமே திட்டம் போட்டுப் போவதுதான் சரி. அதற்கு ரொம்பத் தோதான வெளிநாடு நேபாளம். நமக்கு விசா வேண்டாம். 880-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன.

ஆனால் ஒரு விஷயம். எந்தப் பறவையைப் பார்ப்பது, எந்த ஓட்டலில் தங்குவது என்றுதான் எல்லாரும் முதலில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது வேறு... எவ்வளவு உயரத்தில் படுத்துத் தூங்கப் போகிறோம்?

வாத்தின் ரத்தமும் நம் ரத்தமும்

வரித்தலை வாத்து தெரியுமா? குளிர்காலத்தில் நெல்லைச் சீமையின் கூந்தன்குளம் வரை வரும் பறவை. 7,000 மீட்டர் உயரத்தில்கூட இது இமயத்தைக் கடந்திருப்பதாகப் பதிவு இருக்கிறது. குறைந்த ஆக்சிஜனையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்படி அதன் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அமைந்திருக்கிறது.

நமக்கு அந்த வசதி கிடையாது. விழுப்புரமும் திண்டிவனமும் கடல் மட்டத்திலிருந்து சில பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்கள். 3,500 மீட்டருக்குப் போனால், ஒவ்வொரு மூச்சிலும் இங்கே கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். உடம்பு பழகிக்கொள்ளும்... ஆனால் அவகாசம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆபத்து.

மூன்று படி திட்டம்

*முதல் படி: சமவெளி.* கோசி தப்பு, சித்வன் இரண்டும் தராய் எனப்படும் தாழ்நிலத்தில் இருப்பவை. சித்வனில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள்! கோசி தப்பு 1987-லேயே ராம்சார் தகுதி பெற்ற சதுப்புநிலம். தாத்தா, பாட்டி, குழந்தைகள் என எல்லாரும் போகலாம். இங்கே உயரம் பிரச்னை இல்லை, கொசுதான் பிரச்னை. முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டி மருந்தும் அவசியம்.

*இரண்டாம் படி: நடு மலை.* காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர். நம் ஊட்டியைவிடத் தாழ்வுதான்! அங்கிருந்து காரில் கோதாவரி போய், புல்சௌக்கி மலைக்குக் காலையில் ஏறி மாலையில் இறங்கலாம். உச்சி 2,700 மீட்டருக்குமேல். 250-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவான காடு. நேபாளத்துக்கு மட்டுமே உரிய ஒரே பறவை ஸ்பைனி பேப்ளர். நம்ம ஊர் தவிட்டுக்குருவிக்குச் சொந்தக்காரன். நூறு வருஷமாக யார் கண்ணிலும் படாமல் இருந்த இதை 1948-ல் டில்லன் ரிப்ளி என்ற அமெரிக்கர் மறுபடி கண்டுபிடித்தார். காத்மாண்டைச் சுற்றியுள்ள புதர்ச் சரிவுகளில் இதைத் தேடலாம். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் தனியே போக வேண்டாம்.

*மூன்றாம் படி: உயர மலை.* நேபாளத்தின் தேசியப் பறவையான டான்ஃபேயைப் பார்க்க லாங்டாங் போன்ற இடங்களுக்குப் போவார்கள். மயில் மாதிரி மின்னும் பறவை. இங்கேதான் கவனம் தேவை! லாங்டாங் பாதையில் பலர் சுமார் 2,400 மீட்டரில் ஒரு ராத்திரி தூங்கி, அடுத்த ராத்திரி 3,400 மீட்டரில் தூங்குகிறார்கள். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர்! நடுவில் கோடாதபேலா என்ற இடம் சுமார் 3,000 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு ராத்திரி தங்குங்கள். பறவைகளும் கூடுதலாகக் கிடைக்கும், தலைவலியும் குறையும்.

மலையேற்றப் பாதைகளில் போகும் வெளிநாட்டினர் லைசென்ஸ் பெற்ற வழிகாட்டியை அழைத்துப் போக வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் நேபாளத்தில் விதி இருக்கிறது. செலவாச்சே என்று முகம் சுளிக்காதீர்கள். அவசரத்துக்கு உதவப் போவது அவர்தான்.

எப்போது, எப்படி?

மார்ச், ஏப்ரலில் பறவைகள் பாடும், மலை முழுக்கப் பூக்கும். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு, அட்டை... வேண்டாமே!

சென்னை போய், டில்லி வழியாக விமானத்தில் காத்மாண்டு போகலாம். நேரம் இருந்தால் சென்னை வழியாகப் போகும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர், அங்கிருந்து சோனௌலி எல்லை, பிறகு சித்வன், கடைசியில் காத்மாண்டு. படிப்படியாக மேலே போவதால் உடம்புக்கு நல்லது.

பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கட்டாயம். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். கையில் 100 ரூபாய் நோட்டுகளாக இருந்தால் தகராறு இல்லை. தேசியப் பூங்காக்களில் சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.

மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

• தினமும் முக்கால் மணி நேர நடை. வாரம் ஒருநாள் செஞ்சி ராஜகிரிக் கோட்டை. சுமார் 800 அடி ஏற்றம். இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் நம் மாவட்டத்தில் ஏது? ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். நெஞ்சு அடைத்தாலோ வலித்தாலோ உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

• செஞ்சி ஏறினால் காலுக்குத்தான் பலம். உயரத்துக்கு உடம்பு பழகாது. விளையாட்டு வீரருக்கும் மலைநோய் வரும்!

• ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயப் பரிசோதனை செய்யுங்கள். பெண்கள் ஹீமோகுளோபின் அளவையும் பாருங்கள். சோகையோடு மலை ஏறுவது பாதி மூச்சோடு ஏறுவது போல. கர்ப்பிணிகள் உயர மலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

• 8x42 அளவு பைனாகுலர் போதும். கழுத்துப் பட்டைக்குப் பதில் தோளில் மாட்டும் பட்டை வாங்குங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது பெரிய வரம். வேடந்தாங்கலிலும் கழுவெளியிலும் எடுத்துப் பழகுங்கள்.

மலைநோய்: சொல்ல வெட்கப்படாதீர்கள்

2,500 மீட்டருக்குமேல் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி, தூக்கமின்மை வந்தால் மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'பயணத்தைக் கெடுத்துட்டேன்னு சொல்வாங்களே' என்று வாயை மூடிக்கொண்டு நடப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் அம்மாக்கள் இதில் கெட்டிக்காரர்கள்!

விதி எளிது. 3,000 மீட்டருக்குமேல், படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குமேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருநாள் ஓய்வு. அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடாமல் இருமினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் அது உயிருக்கு ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே துணையோடு கீழே இறங்க வேண்டும்.

அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மேலே மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். 1973-ல் தொடங்கிய இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் பெரிச்சே, மனாங் ஊர்களில் மலையேறும் பருவத்தில் மருத்துவ முகாம் நடத்துகிறது. அதற்காக எல்லா மலையிலும் டாக்டர் இருப்பார் என்று நினைக்காதீர்கள். ஹெலிகாப்டர் மீட்புக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுங்கள்.

மருந்துப் பை

வழக்கமான மாத்திரைகள் இரட்டிப்பு அளவில், சீட்டோடு. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், பாரசிட்டமால், கட்டுத்துணி. இன்சுலின் உறையக்கூடாது. உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். கொதிக்கவைத்த தண்ணீர் மட்டுமே குடியுங்கள். கழிப்பறை கிடைக்காதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். நாயோ குரங்கோ கடித்தால் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போடுங்கள்.

பறவையால் வந்த ஆஸ்பத்திரி!

முசோரி உட்ஸ்டாக் பள்ளி ஆசிரியர் ராபர்ட் ஃபிளெமிங் பறவை ஆய்வுக்காக 1949-ல் நேபாளம் போனார். அவர் மனைவி பெத்தல் டாக்டர். 1951-52 குளிர்காலப் பயணத்தில் டான்சென் ஊரில் கணவர் பறவைகளைத் தேட, டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள். அந்தத் தொடர்பிலிருந்துதான் 1954-ல் யுனைடெட் மிஷனும், காத்மாண்டுவில் சாந்த பவன் ஆஸ்பத்திரியும் உருவாயின. 1976-ல் ஃபிளெமிங் குடும்பத்தார் நேபாளப் பறவைகள் பற்றிப் புத்தகமும் போட்டார்கள்.

சரி... இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் குடும்பமாக உட்காருங்கள். ஒரு தாளில் எல்லார் பெயரையும் எழுதி, யாருக்கு என்ன உடம்பு என்று பக்கத்தில் குறியுங்கள். அதில் யார் உடம்பு ரொம்ப மெலிவோ, அவர் தாங்கும் உயரம்தான் உங்கள் பயணத்தின் உயரம். அது சித்வனோடு நின்றாலும் குறை ஒன்றுமில்லை, ஐந்நூறு பறவைகள் காத்திருக்கின்றன! டான்ஃபே அடுத்த வருஷமும் அதே மலையில்தான் இருக்கும். போனவர்கள் எல்லாரும் சுகமாகத் திரும்பி விழுப்புரம் ஜங்ஷனில் இறங்க வேண்டும். அதுதான் முக்கியம்!