வெந்நீர்க் கலமும் வீட்டுக்கு வரும் தொழிலாளியும்

வெந்நீர் வேண்டும். வேண்டாம் என்பார் யாரும் இல்லை. மார்கழிப் பனியில் பள்ளிக்குப் புறப்படும் குழந்தைக்கு வேண்டும். மூட்டு வலியால் முனகும் முதியவருக்கு வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு வேண்டும். பகலெல்லாம் பாடுபட்டுத் திரும்பும் பாட்டாளியின் உடல்வலிக்கும் வேண்டும். ஒரு காலத்தில் இந்த வெந்நீருக்காக வீட்டுப் பெண்கள் விடியலுக்கு முன்னே எழுந்தார்கள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தார்கள். தவலையை ஏற்றி இறக்கி இடுப்பொடிந்தார்கள். பிறகு, வசதியுள்ள வீடுகளில், நடுவே கரி எரியும் தாமிரப் பாய்லர் வந்தது. இன்று சுவரில் ஒரு கலம். பக்கத்தில் ஒரு சுவிட்சு. தட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. சற்று நேரத்தில் தண்ணீர் சுடுகிறது.

நல்லது! அடுப்புப் புகையிலிருந்து பெண்களை மீட்கும் எந்தக் கருவியையும் வரவேற்கத்தான் வேண்டும். மாளிகைவாசிகளுக்கு மட்டுமே இருந்த வசதி, மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது என்றால் அது மகிழத்தக்க செய்தியே.

ஆனால் ஒரு கேள்வி. அந்தக் கலத்தைச் சுவரில் மாட்டியவர் யார்? பழுதுபட்டால் கழற்றிப் பார்ப்பவர் யார்? அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அவர் கூலி என்ன? அவர் உயிருக்கு யார் பொறுப்பு?

"ஹீட்டர் ரிப்பேருக்கு ஒரு கட்டுரையா?" என்று ஏளனம் பேசுவோர் பேசட்டும். நனைந்த உடல், வெறுங்கால், ஈரத் தரை, தலைக்கு மேலே 230 வோல்ட் மின்சாரம்! வீட்டில் இவ்வளவும் ஒன்றுகூடும் இடம் குளியலறைதான். உயிர் போகக்கூடிய இடம் எதுவோ, அது எழுத வேண்டிய இடமே!

கலத்துக்குள்ளே என்ன?

வெளியே பளபளக்கும் உறைக்குள் இருப்பது ஒரு டேங்க். அதற்குள் ஒரு காயில். அந்தக் காயிலின் ஆற்றல் பெரும்பாலும் 2,000 வாட். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர அதற்கு ஏறத்தாழ 18 நிமிடம் ஆகும். செலவாகும் மின்சாரம் 0.6 யூனிட்டுக்குச் சற்று மேல். அது இழுக்கும் மின்னோட்டம் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகினால் பிளக் கருகும், ஒயர் உருகும். 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற தடித்த செம்பு ஒயரும் வேண்டும் என்பது ஆடம்பரமல்ல, அவசியம்.

காயிலுக்குக் காவலர்கள் உண்டு. முதற் காவலன் தெர்மோஸ்டாட். குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவான். அவன் தவறினால் இரண்டாம் காவலன் கட்-அவுட். சூடு எல்லை மீறும்போது துண்டிப்பான். அவனும் தவறினால் மூன்றாம் காவலன் வால்வு. உள்ளே பெருகும் அழுத்தத்தை வெளியே விடுவான்.

மூவரும் ஏன்? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், திறந்த வெளியில் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். மூடிய கலத்தில் அந்த இடத்துக்கு எங்கே போகும்? கலத்தையே பிளந்துகொண்டு போகும்! ஹீட்டர் வெடித்தது, சுவர் சரிந்தது என்ற செய்திகளுக்குப் பின்னால் இருப்பது விதியல்ல, செயலிழந்த காவலர்கள்.

இந்தக் காவலர்களை நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? தண்ணீர் சூடாகும்போது விரியும். விரிந்த நீரில் சில சொட்டுகள் வால்வு வழியே வடியும். அது கோளாறல்ல, வால்வு உயிரோடிருப்பதற்கு அடையாளம். "தரை ஈரமாகிறதே" என்று அதற்குத் தக்கை வைத்து அடைக்கும் வீட்டுக்காரர் இருக்கிறார். கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்றால், ஏன் விழுகிறது என்று பாராமல், இரண்டு ஒயரையும் முறுக்கி இணைத்து "டைரக்ட் கொடுத்துவிட்டேன், இனித் தொல்லையில்லை" என்று சொல்லிக் கூலி வாங்கிப் போகும் அரைகுறை ஆளும் இருக்கிறார். தொல்லையில்லைதான்; காவலனைக் கொன்றுவிட்ட வீட்டில் கூச்சல் ஏது?

உப்புத் தண்ணீரின் வேலை

நம் ஊரில் ஹீட்டருக்கு முதல் பகை தண்ணீர்தான். சென்னையிலும் புறநகரிலும் போர் போட்டு எடுக்கும் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடினநீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு பிரிந்து வெள்ளைப் பாறையாய்க் காயில்மீது படியும். பாறை தடிக்கத் தடிக்கக் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாது, காயிலுக்குள்ளேயே தங்கும். தண்ணீர் சூடாக நேரம் கூடும்; மின்கட்டணம் கூடும்; கடைசியில் காயிலின் உறை வெடிக்கும். உறை வெடித்தால் மின்சாரம் தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீர் எங்கே வருகிறது? நம் தலைமேல்!

டேங்குக்குள் இன்னொரு பொருள் உண்டு. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. மெக்னீசியக் கம்பி. இரும்பு டேங்கை அரிக்க வரும் தண்ணீர் முதலில் இந்தக் கம்பியை அரிக்கும். தான் கரைந்து டேங்கைக் காக்கும் கம்பி அது. கம்பி முழுதும் கரைந்தபின் டேங்க் துருப்பிடிக்கும், ஓட்டை விழும், பிறகு பழுதுபார்க்க ஒன்றுமில்லை, புதுக்கலம்தான். காலத்தே கம்பியை மாற்றியிருந்தால் புதுக்கலத்தின் விலையில் சிறு பங்கோடு முடிந்திருக்கும். உப்புத் தண்ணீர் ஊரில் ஆண்டுக்கொருமுறையேனும் கலத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தொழில் தெரிந்தவர் சொன்னால், காசு பிடுங்கச் சொல்கிறார் என்று எண்ணாதீர்கள்.

எர்த் என்னும் உயிர்க்கயிறு

மின்சாரம் கசிந்தால் அது மனிதன் வழியாக மண்ணுக்குப் போகாமல், கம்பி வழியாக மண்ணுக்குப் போக ஏற்பாடு செய்வதே எர்த். பிளக்கில் மேலே தடித்து நிற்கும் மூன்றாவது கால் அதற்குத்தான். ஆனால் எத்தனை வீடுகளில் அந்தக் கால் வெறும் அலங்காரம்! துளை இருக்கும், துளைக்குப் பின்னால் ஒயர் இருக்காது. ஒயர் இருந்தாலும் அது மண்ணைத் தொடாது. வாடகை வீட்டுக்காரர் அறியார். வீட்டு உரிமையாளர் கவலைப்படார். கட்டிக்கொடுத்த கான்டிராக்டர் கணக்கு முடித்துப் போய்விட்டார்!

இதற்குத் துணையாக இன்னொரு கருவி உண்டு. 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் டிரிப்பர் அது. அதன்மீது ஒரு பித்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் விழ வேண்டும். விழவில்லையா? அது காவலன் அல்ல, காவலன் பொம்மை!

வாயு ஹீட்டர் வைத்திருப்போருக்கு வேறொரு எச்சரிக்கை. 1868ஆம் ஆண்டு இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயின்டர் வாயுவால் தண்ணீர் சுடவைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரைக் கொண்டு அதற்கு "கீசர்" என்று பெயரிட்டார். அந்தக் கருவியில் புகை போக வழியில்லை! ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், புகை போக வழியில்லாத குளியலறையில் வாயு ஹீட்டரை மாட்டுகிறவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். காற்றுப் போதாமல் எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். கதவைத் தாழிட்டுக் குளிக்கப் போனவர் மயங்குவார், அலறவும் முடியாது. வாயு ஹீட்டர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

தொழிலாளியின் பக்கம்

இவ்வளவும் அறிந்து செய்ய வேண்டிய வேலை இது. முறையாகச் செய்பவர் எப்படிச் செய்கிறார்? சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை நிறுத்துகிறார். நிறுத்தியபின்னும் டெஸ்டர் வைத்துப் பார்க்கிறார். தண்ணீர் வரும் வழியை அடைத்து, டேங்கை வடிக்கிறார். காயிலைக் கழற்றி உப்பைச் சுரண்டுகிறார். மெக்னீசியக் கம்பியைப் பார்க்கிறார். பழைய வாஷரை மீண்டும் போடாமல் புதிது போடுகிறார். மூடியபின் டேங்கை நிரப்பி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் ஒழுங்காக விழுந்தபிறகே மின்சாரம் கொடுக்கிறார். காலி டேங்கில் கொடுத்தால் காயில் எரிந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் எர்த் இருக்கிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கிறார். இது அறிவு, இது கலை, இது பொறுப்பு!

அந்த அறிவுக்கு நாம் தரும் மதிப்பென்ன? காயிலைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்டி விற்கும் கம்பெனிக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறோம். காயிலை மாற்றும் கைக்கு ஐம்பது ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிறோம். டாக்டர் நாடி பார்த்ததற்கும் பணம் கொடுக்கும் நாம், அவர் பழுதைக் கண்டுபிடித்ததற்குக் காசு கேட்டால் "ஒன்றுமே மாற்றவில்லையே!" என்கிறோம். வயதில் மூத்தவரையும் "வாப்பா, போப்பா" என்கிறோம். ஒரு மணி நேரம் நின்று வேலை செய்தவர் தண்ணீர் கேட்டால், தனிக் குவளையைத் தேடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வெட்கம்!

இன்று செல்பேசிச் செயலி வழியே அழைப்பு வருகிறது. வேலை பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்காரர் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறார். அங்கே அவருக்கு அடுத்த வேலை குறைகிறது. கருகிய ஒயரும் எர்த் இல்லாத பிளக்கும் அவர் செய்த குற்றமா? "இந்த இணைப்பு ஆபத்து, செய்யமாட்டேன்" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா? சொன்னால் அன்றைய கூலி போகும். சொல்லாவிட்டால் ஒருநாள் உயிர் போகும், அவருடையதோ நம்முடையதோ!

ஏமாற்றுகிறவர் இல்லையா? இருக்கிறார். நல்ல காயிலைக் கெட்டது என்பார். மட்டமான சாமானைப் போட்டு உயர்ந்த விலை வாங்குவார். ஆனால் அதற்கு மருந்து எல்லோரையும் சந்தேகிப்பதல்ல. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், பில் கேளுங்கள், புதுச் சாமானில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். நேர்மையானவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார்.

செய்ய வேண்டியது

சட்டங்கள் இல்லாமலில்லை. தொழிற்பயிற்சித் திட்டம் 1950ஆம் ஆண்டே வந்தது; அப்ரெண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. உடலுழைப்புத் தொழிலாளருக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1982இல் வந்தது. நல வாரியங்கள் உள்ளன. செயலி வழி வேலை செய்வோருக்கும் வாரியம் அமைக்கப்படும் என 2023இல் தமிழ்நாட்டில் அறிவிப்பு வந்தது. வாங்கிய பொருளைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தையே திறந்தது. ஏட்டில் இருப்பது குளியலறைவரை வரவேண்டும். அதுதான் நம் கோரிக்கை.

கம்பெனிகள் காயிலையும் தெர்மோஸ்டாட்டையும் வாஷரையும் நியாய விலையில், எந்தத் தொழிலாளியும் வாங்கும்படி கடையில் வைக்கட்டும். தம் மெக்கானிக்குக்கு மட்டும் கொடுப்போம் என்பது தரத்தைக் காப்பதல்ல, கொள்ளையைக் காப்பது. அரசு, தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தப் பழுதுபார்ப்புக்கு மாலை நேரக் குறும்பயிற்சி நடத்தட்டும். அனுபவத்தால் கற்றவரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கட்டும். அவர்களை நல வாரியத்தில் பதிய, வாரியமே பகுதிதோறும் வரட்டும். வாடகைக்கு விடும் வீட்டில் எர்த்தும் டிரிப்பரும் உண்டா என்று பார்த்தபிறகே வாடகை பேசும் வழக்கம் வரட்டும்.

வீட்டிலிருப்போர் செய்ய வேண்டியதோ மிக எளிது. குளிக்கப் போகுமுன் சுவிட்சை நிறுத்துங்கள். டிரிப்பரின் பித்தானை அழுத்திப் பாருங்கள். வடியும் வால்வை அடைக்காதீர்கள். "டைரக்ட் கொடு" என்று எவரையும் வற்புறுத்தாதீர்கள். வேலை தெரிந்தவர் வந்தால் "வாங்க" என்று அழைத்து, உட்காரச் சொல்லி, நாம் குடிக்கும் குவளையிலேயே தண்ணீர் கொடுங்கள். பேசிய கூலியை முழுதாகக் கொடுங்கள்.

மெக்னீசியக் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கலத்தைக் காக்கிறது. அது உலோகம், அதற்கு வாயில்லை. பழுதுபார்க்கும் தொழிலாளி மனிதன். அவனையும் கரைய விட்டுக் குளிர்காய்வது நாகரிகமாகாது!