உண்பதும் அறமும் – 9: வாங்கியவர் பங்கு

தை மாதம் 2-ம் நாள் திருவள்ளுவர் தினம். அன்று தமிழ்நாட்டில் கறிக்கடைகள் திறக்கக் கூடாது. சில நாள் முன்னதாகவே மாநகராட்சியின் அறிவிப்பு நாளிதழ்களில் வந்துவிடும். ஆட்டுத்தொட்டி மூடியிருக்கும். மீறிக் கடை திறந்தால் நடவடிக்கை பாயும். மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களிலும் இதே நடைமுறைதான். வேண்டியவர்கள் முதல் நாளே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்கிறார்கள்.

வள்ளுவர் பெயரால் கதவடைப்பவர் விற்பவர். ஆனால், ‘புலால் மறுத்தல்’ அதிகாரம் முதன்மையாகப் பேசுவது உண்பவரிடம். கொன்றவர் ஒருவர், விற்றவர் ஒருவர், காசு கொடுத்து வாங்கித் தின்றவர் ஒருவர் என்றால், அந்த உயிரின் கணக்கு யார் பெயரில் எழுதப்படும்? இந்தக் கேள்விக்கு வயது 2,000-க்கும் மேல். இன்னும் தீர்ந்தபாடில்லை.

வைசாலித் தெருவில் ஒரு கூச்சல்

பௌத்தர்களின் வினய பிடகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. வைசாலியில் சீஹன் என்று ஒரு சேனாபதி. சமணர்களை ஆதரித்து வந்தவர், புத்தரைச் சந்தித்த பிறகு அவருடைய அடியவர் ஆகிறார். புத்தரையும் பிக்குகளையும் மறுநாள் விருந்துக்கு அழைக்கிறார். விருந்துக்காக எந்த விலங்கையும் அறுக்கச் சொல்லவில்லை. ஏவலாளைக் கூப்பிட்டு, ஏற்கெனவே அறுத்து விற்பனைக்கு வந்திருக்கும் இறைச்சி கிடைக்குமா என்று பார்த்து வாங்கி வரச் சொல்கிறார்.

விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே சமணர்கள் தெருத்தெருவாகக் கைகளை உயர்த்திக் கூவிக்கொண்டு போகிறார்கள். சீஹன் இன்று கொழுத்த விலங்கைக் கொன்று கௌதமருக்குச் சமைத்திருக்கிறான், தனக்காகக் கொன்றது என்று தெரிந்தே கௌதமர் அதை உண்கிறார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. செய்தி காதுக்கு வந்ததும் சீஹன் மறுக்கிறார். என் உயிரைக் காத்துக்கொள்வதற்காகக்கூட நான் தெரிந்து ஓர் உயிரை எடுக்க மாட்டேன் என்கிறார். இதற்குப் பிறகுதான் புத்தர் பிக்குகளுக்கு விதி வகுத்தார் என்கிறது அந்த நூல். தனக்காகக் கொல்லப்பட்டதைக் கண்ணால் பார்த்திருக்கக் கூடாது. அப்படி என்று காதால் கேட்டிருக்கக் கூடாது. அப்படி இருக்குமோ என்ற சந்தேகமும் எழுந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லையென்றால் பாத்திரத்தில் விழுந்த இறைச்சியை உண்ணலாம். மருத்துவர் ஜீவகர் கேட்டபோதும் புத்தர் இதே பதிலைச் சொன்னதாக மஜ்ஜிம நிகாயம் பதிவு செய்கிறது.

இதில் ஒரு நியாயம் உண்டு. பிக்கு பிச்சை எடுத்து உண்பவர். இது வேண்டும், அது வேண்டாம் என்று வாசலில் நின்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. ஏழை வீட்டுக்காரர் தான் உண்பதில் ஒரு பிடி போட்டால், அதை வாங்கிக்கொள்வதே அவர் தர்மம். பிக்குகள் ஆயுள் முழுக்க மீனும் இறைச்சியும் தொடக் கூடாது என்று கட்டாயமாக்கும்படி தேவதத்தர் என்ற பிக்கு கேட்டபோது, புத்தர் அதற்கு இணங்கவில்லை.

ஆனால், சீஹன் பிச்சைக்காரர் அல்ல. காசோடு கடைக்கு ஆள் அனுப்பியவர். பிக்குவுக்குப் பொருந்தும் நியாயம் அவருக்கும் பொருந்துமா? அங்குத்தர நிகாயம், இல்லறத்தில் இருக்கும் பௌத்தர் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களைப் பட்டியலிடுகிறது: ஆயுதம், உயிருள்ளவை, இறைச்சி, மது, நஞ்சு. இறைச்சி விற்பது தவறு. அதே இறைச்சியைக் கடையில் வாங்கி விருந்து வைக்கலாம். அப்படியென்றால் சீஹன் வீட்டு விருந்துக்காக யாரோ ஒருவர் தவறு செய்தே ஆக வேண்டியிருக்கிறது.

உரையாசிரியரின் வழக்கு

வள்ளுவர் நேராகக் கை வைத்தது இந்த இடத்தில்தான். 256-வது குறளின் கருத்து எளிமையானது. தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், விலைக்கு விற்க ஊன் கொண்டுவருவோர் இருக்க மாட்டார்கள். இந்த அதிகாரம் துறவறவியலில் வருகிறது என்பதால் இல்லறத்தாருக்கு இது கட்டளை அல்ல என்று வாதிடலாம். ஆனால், இந்தக் குறள் துறவியை மட்டும் நிறுத்திப் பேசவில்லை. உலகத்தையே பேசுகிறது. சந்தையின் இயக்கத்தைச் சொல்கிறது.

13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பரிமேலழகர், இந்தக் குறளுக்கு உரை எழுதும்போது எதிர்க்கட்சிக்காரர் ஒருவரையும் கூண்டில் ஏற்றுகிறார். அந்த எதிர்க்கட்சிக்காரரின் வாதம் கூர்மையானது. கொலை முதலில் நடக்கிறது, தின்பது பிறகு நடக்கிறது. பின்னால் நடப்பது முன்னால் நடந்ததற்கு எப்படிக் காரணமாகும்? ஆகவே, தின்பவருக்குப் பாவம் இல்லை.

பரிமேலழகர் இதை ‘அருத்தாபத்தி’ என்ற அளவையால் மறுக்கிறார். பகலில் உண்ணாத தேவதத்தன் என்ற ஒருவன் பருத்திருக்கிறான் என்றால், அவன் இரவில் உண்கிறான் என்று கொள்ள வேண்டும் என்பது இந்த அளவைக்குத் தர்க்க நூல்கள் தரும் உதாரணம். தின்பவர் இல்லாவிட்டால் விற்பவர் இல்லை என்பது உறுதியென்றால், தின்பவர் காரணம் என்பதும் உறுதி. இன்று தின்ற ஆடு நேற்றே செத்துவிட்டது உண்மைதான். இன்று கொடுத்த காசு நாளைய ஆட்டைத் தொட்டிக்குக் கொண்டுவருகிறது.

தமிழ்ச் சமணர்கள் இந்த வழக்கை விடவே இல்லை. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நீலகேசி, பௌத்தர்களோடு நடத்தும் வாதங்களில் புலால் உண்பதைத் திரும்பத் திரும்பக் கேள்விக்கு உட்படுத்துகிறது. அந்த நூலின் தொடக்கத்தில், காளி கோயிலுக்குப் பலி கொண்டுவரும் மக்களிடம் முனிச்சந்திரர் என்ற சமண முனிவர், உயிருள்ள விலங்குக்குப் பதிலாக மண்ணால் செய்த உருவத்தை வைக்கச் சொல்கிறார். பூசாரியைத் தடுக்க அவர் போகவில்லை. நேர்த்திக்கடன் செலுத்த வருபவரிடமே பேசுகிறார்.

25 கோழிகள் கொண்ட பெட்டி

அதே வழக்கு 21-ம் நூற்றாண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேறு உடையில் மறுபடியும் நடக்கிறது. இத்தனை பெரிய சந்தையில் ஒரே ஒருவர் ஒரு கோழி வாங்காமல் போனால் எதுவும் மாறாது, அப்படியானால் அவர் வாங்குவதில் என்ன தவறு என்பது இன்றைய எதிர்க்கட்சிக்காரரின் வாதம்.

யேல் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஷெல்லி கேகன் 2011-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். கடைக்காரர் கோழிகளை 25 கொண்ட பெட்டியாக வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 24 பேர் வாங்கும்வரை எதுவும் நடக்காது. 25-வது ஆள் வாங்கியதும் அடுத்த பெட்டிக்குச் சொல்லி அனுப்புகிறார். அந்த ஒருவரால் 25 கோழிகள் கூடுதலாகச் சாகின்றன. வரிசையில் நிற்பவருக்குத் தான் எத்தனையாவது ஆள் என்று தெரியாது. 25-ல் ஒரு பங்கு வாய்ப்பு, அந்த வாய்ப்பில் 25 கோழிகள். கூட்டிக் கழித்தால் ஒருவர் தலையில் ஒரு கோழி.

மார்க் புடால்ஃப்சன் போன்ற தத்துவவாதிகள் இதை ஏற்கவில்லை. உண்மையான சந்தையில் பண்ணைக்கும் கடைக்கும் நடுவே இருப்பும் வீணாவதும் ஏராளம், ஒருவருடைய கொள்முதல் பண்ணைவரை எட்டும் வாய்ப்பு கேகன் சொல்வதைவிட மிகக் குறைவு என்பது அவர்கள் பதில். வழக்கு நீள்கிறது. ஆனால், ஒன்றை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறது. மொத்தமாக வாங்குபவர்கள் இல்லாமல் மொத்தமாகக் கொல்பவர்கள் இல்லை.

கத்தி பிடித்தவர்

பிராய்லர் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை நடப்பதைப் பார்த்தால் இந்தக் கணக்கின் மறுபக்கம் தெரியும். கூண்டிலிருந்து கோழியை எடுத்துத் தராசில் வைக்கிறார்கள். எடையைப் பார்த்து வாடிக்கையாளர் தலையாட்டுகிறார். கழுத்தில் கத்தி விழுகிறது. நீல நிற டிரம்முக்குள் கோழி போடப்படுகிறது. உள்ளே சிறகடிக்கும் சத்தம் அடங்கும்வரை வரிசையில் நிற்பவர்கள் செல்போனைப் பார்க்கிறார்கள், சாலையைப் பார்க்கிறார்கள். கத்தி பிடித்த இளைஞர் மட்டும் எங்கும் திரும்ப முடியாது. அடுத்த கோழியை எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அசைவம் உண்பவர்கள் 100-க்கு 97 பேருக்கு மேல் என்கிறது மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் 2014-ல் எடுத்த அடிப்படைக் கணக்கெடுப்பு. ஆகவே, அந்த இளைஞர் செய்யும் வேலை ஏறக்குறைய மொத்த மாநிலத்துக்காகவும் செய்யும் வேலை. இருந்தும் அந்தத் தொழிலுக்கு மரியாதை இல்லை. பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். பக்கத்தில் வீடு தரத் தயங்குகிறார்கள்.

இந்தத் தயக்கத்துக்கு எல்லை எதுவும் இல்லை. ஜப்பானில் விலங்கு அறுப்பதையும் தோல் பதனிடுவதையும் பரம்பரையாகச் செய்தவர்கள் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டார்கள். உயிர்க்கொலை பாவம் என்ற பௌத்த எண்ணமும் ஷிந்தோ மரபின் தீட்டுக் கருத்தும் அந்த ஒதுக்கலுக்குத் துணை நின்றன. 1871-ல் அரசாணை அந்தப் பாகுபாட்டைச் சட்டத்திலிருந்து நீக்கியது. 1872-ல் பேரரசர் மெய்ஜி இறைச்சி உண்டது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. இறைச்சி உண்பது நாகரிகமாயிற்று. அறுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திருமணத்திலும் வேலையிலும் அதன் பிறகும் பல தலைமுறைகள் ஒதுக்கப்பட்டார்கள். உண்பவர் தன் பங்கை ஏற்காதபோது அது காணாமல் போய்விடுவதில்லை. அறுப்பவர் தலையில் போய் விழுகிறது. இது அநீதி.

பாலும் முட்டையும் தப்புமா?

இதுவரை படித்த சைவ உணவுக்காரர், இந்த வழக்கில் தனக்குப் பங்கில்லை என்று நினைக்கலாம். வாங்கியவர் பங்கு என்ற அளவுகோலைக் கையில் எடுத்துவிட்டால், அது பால் செம்பிலும் வந்து நிற்கும்.

பசு பால் தர வேண்டுமென்றால் கன்று ஈன வேண்டும். பிறக்கும் கன்றுகளில் பாதி ஆண். உழவுக்கும் வண்டிக்கும் மாடு தேவைப்பட்ட காலத்தில் காளைக்கன்றுக்கு விலை இருந்தது. டிராக்டர் வந்த பிறகு அது தீனிச் செலவு மட்டுமே. 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எருமைகள் கிட்டத்தட்ட 11 கோடி. அதில் பெண் எருமைகள் 10 கோடிக்கும் மேல். கடாக்கள் 1 கோடிகூட இல்லை. சரிபாதியாகப் பிறந்தவை எங்கே போயின என்பதற்குப் பதில் பெரும்பாலும் இரண்டுதான். தாய்ப்பால் மறுக்கப்பட்டுச் சில வாரங்களில் இறந்தவை, இறைச்சிக்குப் போனவை. செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தாயின் முன்னால் நிறுத்திப் பால் கறந்த காட்சியைப் பார்த்தவர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். உலகுக்கு எருமை இறைச்சி ஏற்றுமதி செய்வதில் இந்தியா முன்னணியில் இருப்பதற்கும், பால் உற்பத்தியில் முதலிடத்தில் இருப்பதற்கும் உள்ள தொடர்பு இதுவே.

இங்கிலாந்தில் 1944 நவம்பரில் தச்சுவேலை ஆசிரியரான டொனால்ட் வாட்சன், சில நண்பர்களோடு ‘வீகன்’ சங்கத்தைத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான். பாலையும் முட்டையையும் விட்டுவைக்கும் சைவம் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று அவர்கள் கருதினார்கள்.

முட்டையின் கணக்கு இன்னும் கடுமையானது. முட்டைக்காக வளர்க்கும் இனத்தில் பிறக்கும் சேவல் முட்டையிடாது. பிராய்லர்போல் சீக்கிரம் சதையும் போடாது. அதனால் பொரித்த முதல் நாளே கொன்றுவிடுவது உலகெங்கும் வழக்கம். ஆண்டுக்குச் சுமார் 700 கோடிக் குஞ்சுகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நம் ஊர்த் திருவிழாவில் பச்சை, ரோஸ், மஞ்சள் சாயம் ஏற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து விற்கும் கலர் கோழிக்குஞ்சுகளில் பெரும்பாலானவை இப்படி ஒதுக்கப்பட்ட ஆண் குஞ்சுகளே. பிள்ளைகள் ஆசையாகத் தூக்கி வருவார்கள். சில நாளில் அது சுருண்டுவிடும்.

ஜெர்மனி இந்தக் கொலையை 2022 ஜனவரி 1 முதல் தடை செய்தது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று கண்டறிந்து, ஆண் கரு உள்ள முட்டையைக் குஞ்சு பொரிப்பதற்கு வெகு முன்பே எடுத்துவிடும் கருவிகள் அங்கே வந்துவிட்டன. தடைக்கு முன்பே சில பண்ணைகள் இன்னொரு வழியைத் தொடங்கியிருந்தன. ‘சகோதரச் சேவல்’ என்ற பெயரில், பெட்டைகளோடு பிறந்த சேவல்களையும் வளர்த்தார்கள். அவற்றுக்கான தீனிச் செலவு, முட்டை விலையில் சில சென்ட்டுகளாகச் சேர்க்கப்பட்டது. அந்தச் சேவல்களும் சில மாதங்களில் இறைச்சியாகின்றன. ஆனால், முட்டை வாங்கும்போது இன்னோர் உயிரின் செலவும் தன் கணக்கில் இருக்கிறது என்பதை வாங்குபவர் விலைச்சீட்டிலேயே பார்க்கிறார்.

இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை. பெண் கன்று மட்டும் பிறப்பதற்காகப் பாலினம் பிரித்த உறைவிந்துவைக் கால்நடைத் துறை கொடுத்துவருகிறது. அது காளைக்கன்றுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். கறவை வற்றிய பசுவை யார் வைத்துக் காப்பாற்றுவது, அந்தச் செலவைப் பால் வாங்குபவர் ஏற்பாரா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. விற்பவரின் கடையை ஆண்டுக்கு நான்கு நாள் மூடுவது எளிது. லிட்டருக்கு எத்தனை ரூபாய் கூட்டினால் ஒரு மாட்டுக்குக் கடைசிவரை தீனி போடலாம் என்று வாங்குபவரோடு உட்கார்ந்து பேசுவது கடினம். ஆவின் சங்கங்களிலும் நாமக்கல் பண்ணைகளிலும் நடக்க வேண்டிய பேச்சு அது.

யாரையும் கொல்லாமலேயே கறி கிடைத்தால் இந்த வழக்கு முடிந்துவிடுமா? உயிரணுக்களிலிருந்து வளர்த்த கோழி இறைச்சியை விற்க 2020 டிசம்பரில் சிங்கப்பூர் அனுமதி கொடுத்தது. அந்தத் தட்டில் இருந்தது என்ன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)